தரை ஷீட்டுக்கு அடித்த பச்சை பெயிண்ட்

என் வீட்டு ஹாலுக்கு நானே பெயிண்ட் அடித்தேன். சுவருக்கு அல்ல, தரைக்கு. அறுபத்து இரண்டு வயதில், நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய தலையணையைப் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் அடித்தேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு என்ன கேடு என்று கேட்டிருப்பார்கள். பார்க்க யாரும் இல்லை. அதனால்தான் பெயிண்டே அடித்தேன்.

முதலில் அந்தத் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் பொழிச்சலூரில் நானும் என் கணவரும் சேர்ந்து கட்டிய வீடு இது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கட்டி முடிக்கும்போது எங்களிடம் தெம்பு தீர்ந்துவிட்டது. தரைக்கு வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திவிட்டு, டைல்ஸ் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று குடிவந்தோம். அந்த அப்புறம் வரவே இல்லை. சிமென்ட் வெடித்துப் பெயர ஆரம்பித்தபோது, பம்மலில் ஒரு கடையில் சுருள் சுருளாக நிறுத்தி வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை அவர் வாங்கி வந்து, கோந்து தடவி ஹால் முழுக்க ஒட்டினார். மரப்பலகை டிசைன். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தரை, கிட்டே வந்தால் பிளாஸ்டிக். வீட்டுக்கு வருகிறவர்கள் கிட்டேதானே வருவார்கள்.

பதினைந்து வருடம் அந்த ஷீட் உழைத்தது. பிறகு வாசற்படி ஓரம் கிழிந்து, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அதற்கு பிரவுன் டேப் ஒட்டினார். டேப்பின் மேல் இன்னொரு டேப். அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அவர் இருந்தவரை சொன்னேன். போன பிறகு யாரிடம் சொல்வது?

எங்கள் சபையில் சனிக்கிழமை தோறும் வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. மாலை ஐந்தரைக்குப் பாட்டில் ஆரம்பித்து, வேத வாசிப்பு, சின்னப் பிரசங்கம், ஜெபம் என்று ஒரு மணி நேரம். முடிந்ததும் டீயும் சுண்டலும். எல்லாரும் தரையில்தான் உட்காருவோம். யார் வீட்டில் எந்த வாரம் என்று மாத ஆரம்பத்திலேயே ஒரு லிஸ்ட் போட்டுவிடுவார்கள். அந்த லிஸ்டில் என் வீடு இருபது வருடமாக இருந்தது. நான்தான் வாயைக் கொடுத்து அதைக் கெடுத்துக்கொண்டேன்.

அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். கூட்டம் எங்கள் வீட்டில். எங்கள் தெருக்கோடியில் ஒரு நர்சரிப் பள்ளி டீச்சர் இருக்கிறாள். என்னைவிட இருபது வயது சின்னவள். எனக்கு ரொம்ப நெருக்கம். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள். அன்றைக்கு அவள் உள்ளே வரும்போது கிழிந்த ஷீட்டில் கால் விரல் மாட்டி, தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே, "அக்கா, இந்தத் தரைய முதல்ல மாத்துங்க. யாராவது விழுந்து வைக்கப் போறாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த டேப் அவர் கையால் ஒட்டியது. அதற்கு மேல் எனக்குக் கண் மண் தெரியவில்லை. "உன் காலுக்கு மார்பிள் வேணும்னா உன் வீட்லயே கூட்டம் வெச்சுக்கோ. இங்க யாரும் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடல" என்றேன். பதினைந்து பேர் இருந்தார்கள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை, கூட்டத்தை நடத்தும் அண்ணனுக்கு போன் செய்தேன். ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர், சாது. "என் வீட்டை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க அண்ணா" என்றேன். "சரி சிஸ்டர்" என்றார். எடுத்தும் விட்டார். ஏன், என்ன ஆச்சு, அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று அவர் ஒரு வார்த்தை கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். கெஞ்சினால் ஒத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். அவர் என் பேச்சுக்கு மரியாதை கொடுத்துவிட்டார். நானும் மற்ற வீட்டுக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினேன். ஞாயிறு ஆராதனைக்குப் போவேன், முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுவேன். டீச்சர் எதிரே வந்தால் தலையசைப்பாள். நானும் அசைப்பேன். மூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டது.

பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காக உட்கார்ந்தவள் நான். நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பெற்றோர்கள் நிற்பார்கள், நான் உள்ளேயிருந்து அதட்டுவேன். அந்த அதட்டல் பழக்கம் விடவில்லை. ஆனால் அதட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே! மகன் புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசுவான், நல்ல பையன். மற்ற ஆறு நாளும் என் குரலை நான் கேட்பது பால் பாக்கெட்காரரிடம்தான்.

இந்த வருடம் ஜூலையில் கேஸ் சிலிண்டர் போட வந்தவர், சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஹாலைத் தாண்டும்போது நின்றார். "இன்னா மேடம், ஷீட்டு கிழிஞ்சுகினு கீது. பாத்து நடங்க, வயசான காலத்துல உழுந்தா பேஜாரு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் போன பிறகுதான் அது உறைத்தது. டீச்சர் சொன்னதையேதான் இவரும் சொன்னார். ஒரு வருடத்தில் என் வீட்டுக்குள் காலடி வைத்தவர்கள் யார் என்று உட்கார்ந்து யோசித்தேன். கேஸ்காரர். தண்ணீர் கேன் போடுகிறவர். ஃபேன் ரிப்பேருக்கு ஒரு எலக்ட்ரீஷியன். மூன்று பேருக்கும் என்னிடம் வேலை இருந்தது, வந்தார்கள். வேலை இல்லாமல் ஒருவரும் வரவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு, கூட்டத்தை மறுபடியும் என் வீட்டில் வைக்கச் சொல்வது என்று தீர்மானித்தேன். ஆனால் அந்தக் கிழிந்த தரையோடு கூப்பிட முடியாது. அதே தரையைக் காட்டினால், நான் தோற்றுப்போய்க் கூப்பிடுகிறேன் என்று நினைப்பார்கள். புதுத் தரையோடு கூப்பிட்டால், எல்லாம் சரியாகிவிட்டது, இனி வரலாம் என்று அர்த்தம். என் புத்தி எப்போதும் இப்படித்தான் வேலை செய்யும்.

டைல்ஸ் போடலாம் என்றால் பீரோ, கட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும், பத்து நாள் எங்கேயாவது போய்த் தங்க வேண்டும். எங்கே போவது? மகனிடம் புலம்பினேன். அவன் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் வீட்டுப் பழைய பிளாஸ்டிக் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, ரோலரால் பெயிண்ட் அடிக்கிறாள். கடைசியில் அது புதுத் தரை மாதிரி மின்னுகிறது. அவள் கைகளை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். அந்த வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தேன். அவள் காலில் ஷூ போட்டிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதற்கே ஒரு நாள் பிடித்தது. எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் ஒரே வரி போட்டேன்: அக்டோபர் கடைசி சனிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். இறங்கி வந்து பார்த்தால் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். டீச்சரும் ஒன்று போட்டிருந்தாள்.

பெயிண்ட் கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "ஷீட்டு மேலயா?" என்று ஒரு நொடி யோசித்தார். "எனாமல் அடிங்க மேடம். இரும்பு கேட்டுக்கே அடிக்கிறோம், இது இன்னா? கல்லு மாதிரி நிக்கும்." கலர் அட்டையைக் காட்டினார். வெளிர்ப் பச்சை ஒன்று கண்ணுக்குக் குளுமையாக இருந்தது. அட்டையில் விரல்நுனி அளவுக்குப் பார்த்த பச்சை, ஹால் முழுக்கப் பரவியபோது ஆஸ்பத்திரிச் சுவராகிவிட்டது.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். கிழிந்த இடத்தை வெட்டி, பீரோவுக்கு அடியில் மறைந்திருந்த ஷீட்டில் ஒரு துண்டை அறுத்து ஒட்டுப் போட்டேன். சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். உப்புத்தாளால் தேய்த்ததில் உள்ளங்கை கொப்பளித்தது. ஆனால் ஒன்றை மறந்தேன். ஷீட் பளபளவென்று இருக்க வேண்டும் என்று பதினைந்து வருடமாக, பண்டிகைக்குப் பண்டிகை, துடைக்கிற தண்ணீரில் ஒரு மூடி தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தவள் நான். எங்கள் சொந்தத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சிவப்பு சிமென்ட் தரைக்குச் செய்ததைப் பிளாஸ்டிக்குக்கும் செய்தோம். அவ்வளவு எண்ணெயைக் குடித்த ஷீட்டின் மேல் எந்த பெயிண்ட் பிடிக்கும்? அந்த வெள்ளைக்காரி தன் தரைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்திருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை பாதி ஹால், செவ்வாய்க்கிழமை மீதி. ஒரு நாளில் காய்ந்துவிடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அது எந்த ஊர் ஒரு நாளோ. இங்கே மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரம், கொடியில் போட்ட துண்டே மூன்று நாளாக நாறியது. புதன்கிழமை தொட்டால் விரல் ஒட்டியது. சரி, நாளைக்கு என்றேன். வியாழக்கிழமை வெறுங்காலை வைத்தால், எடுக்கும்போது சப்பென்று சத்தம். செருப்புப் போட்டு நடந்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஜெபக் கூட்டத்துக்கு யார் செருப்போடு வருவார்கள்? உட்கார்ந்து, மண்டியிட்டு, சேலைத் தலைப்பு புரள, உள்ளங்கை ஊன்றி எழுந்திருக்கிற தரை இது.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். இளகிய பெயிண்டில் என் காலடித் தடம் அப்படியே பதிந்திருந்தது. படுக்கையறையிலிருந்து சமையலறை. சமையலறையிலிருந்து டி.வி. முன்னால் இருக்கும் நாற்காலி. நாற்காலியிலிருந்து படுக்கையறை. போவதும் வருவதும் அந்த மூன்று கோடுகள்தான். ஹாலின் மற்ற இடமெல்லாம் மொழுமொழுவென்று, ஒரு கால் படாமல் கிடந்தது. நான் தனியாக இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வரைந்து காட்டினால் எப்படி இருக்கும் என்று தெரியாது.

அன்று இரவு, நம்பிக்கையோடு ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறப்போட்டேன். விடிந்ததும் கடைசி முயற்சியாக, முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து ஹால் முழுக்கக் கொட்டித் தேய்த்தேன். கேரம் போர்டுக்குப் போடுகிறோமே, அந்த யோசனைதான். வழுவழுப்பு வரவில்லை. வெள்ளை வெள்ளையாகத் தேமல் படர்ந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். பவுடர் கூழாகி பெயிண்டோடு சேர்ந்துகொண்டது. மணி பதினொன்று. இந்தத் தரையில் கொண்டுவந்து டீச்சரை உட்காரவைக்க நான் தயாராக இல்லை. பழைய கிழிசலாவது கௌரவமாக இருந்தது.

அண்ணனுக்கு போன் செய்தேன். தரை காயவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தரை என்ற சொல்லையே அந்தக் கூட்டத்தில் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. "எனக்கு ஜொரம் அண்ணா. நேத்து ராத்திரியில இருந்து நல்ல ஜொரம். இன்னிக்கு முடியாது போலருக்கு" என்றேன்.

"அடடா. நீங்க ரெஸ்ட் எடுங்க சிஸ்டர். டீச்சர் வீட்ல வெச்சுக்கறோம், அவங்க ரெடியாத்தான் இருப்பாங்க" என்றார்.

போனை வைத்தேன். இந்த முறையும் அவர் என் பேச்சை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஊறிய கடலை ஜுரத்தைப் பார்க்குமா? சாயங்காலம் அதைக் குக்கரில் வைத்து இறக்கினேன். ஐந்தரைக்குத் தெருக்கோடியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு விமானம் இறங்கி அதை அமுக்கிவிட்டுப் போனது, மறுபடியும் கேட்டது. கடுகு, உளுந்து, பெருங்காயம், மிளகாய் எல்லாம் போட்டுத் தாளித்துக்கொண்டே நான், மெட்டுக்கு இணையாகத் தாழ்ந்து வரும் இரண்டாம் குரலைப் பாடினேன். அங்கே அண்ணனைத் தவிர வேறு யாரும் இரண்டாம் குரல் பாடுவதில்லை, அவருக்கும் அது சரியாக வராது. பாட்டு நின்றது. இப்போது வாசிப்பு, இப்போது பிரசங்கம், இப்போது ஜெபம் என்று கரண்டியோடு நின்று மனதுக்குள் நானும் கூடவே நடந்தேன். தேங்காய் துருவிப் போட்டேன். பதினைந்து பேருக்கான சுண்டல். அங்கே இப்போது டீ கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

டீ கொடுக்கவில்லை போலிருக்கிறது. தெருவில் நிறையச் செருப்புச் சத்தம் வந்தது. என் வீட்டு கேட் தாழ்ப்பாள் திறந்தது.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் கூட்டத்தில் இருபது வருடம் இருந்தவள் நான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்தால், கூட்டம் முடிந்த கையோடு எல்லாரும் அந்த வீட்டுக்குப் போய் ஜெபிப்பது வழக்கம். நானே எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன்! யாரும் வரக்கூடாது என்று பொய் சொல்கிறவள் வேறு எதையாவது சொல்லியிருக்க வேண்டும். கல்யாணம், ஊருக்குப் போகிறேன், எதுவும் சொல்லியிருக்கலாம். ஜுரம் என்று சொல்வது எங்கள் ஆட்களுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதற்குச் சமம்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஓடும்போதே கால் சப்சப்பென்று ஒட்டியது. கட்டிலில் விழுந்து கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்ட பிறகுதான் கதவு உள்பக்கம் பூட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. மறுபடி எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, போய்த் திறந்தேன். பதினோரு பேர். படியில் செருப்பை விட்டார்கள். "ஸ்தோத்திரம் சிஸ்டர், நீங்க ஏன் எழுந்து வந்தீங்க, போய்ப் படுங்க" என்றார் அண்ணன். உள்ளே வந்தார்கள்.

பதினோரு பேரின் கால்களும் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அண்ணன் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஒரு அம்மா பாதத்தை லேசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துக்கொண்டார். பச்சைப் பசேலென்ற தரையில், வெள்ளைத் தேமலின் நடுவில், ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், தாளித்த வாசனை மூக்கைத் துளைக்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டில் தரையைப் பற்றி ஒருத்தி பேசி என்ன ஆனது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. என்னைப் பார்த்துப் பயந்தார்கள். அதுவரை நான் அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர்கள் அறைக்குள்ளும் நிலைப்படியிலும் ஹாலிலுமாக நின்றார்கள். டீச்சர் என் பக்கத்தில் வந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள். திருப்பி உள்ளங்கையை வைத்தாள். என் கணவர் போன பிறகு என் நெற்றியை யாரும் தொட்டதில்லை. என் உடம்பு தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவள் விரலில் எனக்குத் தெரிந்தது. இப்போது சொல்லப் போகிறாள், சொல்லட்டும், அன்றைக்கு நான் பேசியதற்கு இது சரியாகிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஜொரம் இருக்கு அண்ணா" என்றாள் டீச்சர். "அக்காவ ரொம்ப நேரம் உக்கார வைக்க வேணாம். சுருக்கமா ஜெபிச்சுட்டுக் கிளம்பலாம்."

என் மானத்தைக் காப்பாற்றினாள். காப்பாற்றிய அதே வாயால் எல்லாரையும் சீக்கிரம் கிளப்பியும் விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நோயாளி என்று சொன்னது நான்.

எல்லாரும் மண்டியிட்டார்கள். அண்ணன் ஜெபித்தார். டீச்சரின் கை என் நெற்றியிலேயே இருந்தது. "தனிமையா இருக்கிற எங்க சகோதரிக்குத் துணையா இரும் ஆண்டவரே" என்றார். தனிமை என்ற சொல்லைப் பத்துப் பேருக்கு நடுவில் என் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை. வேறு சமயமாக இருந்தால் எழுந்து, எனக்கென்ன குறை என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஜுரம் அதிகம் போல என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

ஆமென் சொல்லி எழுந்தார்கள். அண்ணனின் வெள்ளை வேட்டியில் இரண்டு முட்டியிலும் பச்சை. அவர் அதைத் தட்டிக்கூட விடவில்லை. "படுங்க சிஸ்டர், எழுந்திருக்காதீங்க. நாங்க கதவைச் சாத்திட்டுப் போறோம்" என்றார். வந்து ஏழு நிமிடம் ஆகியிருக்காது. மூன்று வருடமாக நான் காத்திருந்தவர்கள், ஒட்டிய கால்களைப் பிய்த்துப் பிய்த்து எடுத்து, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இருங்கள், சுண்டல் இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

டீச்சர் மட்டும் சமையலறைக்குப் போனாள். அங்கே அடுப்பின் மேல் வாணலி நிறையச் சுண்டல், பக்கத்தில் அடுக்கிவைத்த காகிதத் தட்டுகள், டீ போடப் பெரிய பாத்திரம். எல்லாவற்றையும் பார்த்திருப்பாள். பிறகு ஒரு டம்ளரில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்க அக்கா" என்றாள்.

அவள் படியில் செருப்பு மாட்டும்போது நான் எழுந்து போனேன். கேட்டுக்கு வெளியே அவள் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஜொரம் இல்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னா உங்களுக்குக் கோவம் வருமேன்னுதான்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வந்தால் நனைவோம் என்பது போல, இயல்பாகச் சொன்னாள். அதனால்தான் அது எனக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

"அன்னிக்கு நீ சொன்னது சரிதான்" என்றேன். "தரைய மாத்தியிருக்கணும்." பிறகு, என் வாழ்நாளில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "கொஞ்ச நேரம் இரேன்."

அவள் கேட் பக்கம் பார்த்தாள். "அவர் அம்மாவ தாம்பரத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்க்கா. ஏழு மணிக்கு டோக்கன். கூட்டம் திடீர்னு நம்ம வீட்டுக்கு வந்துட்டதால ஏற்கெனவே லேட்டு. இன்னொரு நாள் வரேன்."

பொய் இல்லை. வண்டி உறுமிக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடிப்போய், கையில் கிடைத்த எவர்சில்வர் டப்பாவில் சுண்டலை அள்ளிப்போட்டு, மூடி அவள் கையில் திணித்தேன். "பிள்ளைங்களுக்குக் கொடு." அவள் வாங்கிக்கொண்டாள். "டப்பாவைக் கொண்டுவந்து தரேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

மீதிச் சுண்டலை நான் மூன்று நாள் சாப்பிட்டேன்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. தரை இன்னும் முழுசாக இறுகவில்லை. ஆனால் முன்பு போல ஒட்டுவதில்லை. ஹாலில் பதினோரு பேரின் பாதங்களும் முட்டிகளும் குழம்பிக் கிடக்கின்றன, தூசி ஏறிக் கறுத்துவிட்டன. மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, அசிங்கமா இருக்கு. டிசம்பர்ல வந்து டைல்ஸ் போட்டுடறேன்" என்றான். போடு என்று சொல்லியிருக்கிறேன்.

டப்பா வரவில்லை. அவளுக்கு மாமியாரைப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடம், இரண்டு பிள்ளைகள். பழைய நானாக இருந்தால் நாலாவது நாளே போனை எடுத்து, ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே டப்பா வந்திருக்கும். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தேன். டப்பாவைப் பற்றிப் பேசவில்லை. உடம்பைப் பற்றியும் பேசவில்லை. "தனியா இருக்க முடியல. ஒரு நாள் வா" என்றேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. "வரேன்க்கா" என்றாள். எப்போது என்று அவள் சொல்லவில்லை. நானும் அதட்டிக் கேட்கவில்லை.